முறை வைத்துச் சுமந்த பிள்ளை

பஞ்சாலைக்குப் பின்பக்கம், ரயில் தண்டவாளத்துக்கும் கான்வென்ட் மதிலுக்கும் நடுவில், ஒரே சீப்பில் காய்த்த பழங்கள் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிற நாற்பத்தோரு வீடுகளுக்குச் சூசையப்பர் லைன் என்று பேர். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் மூன்றாம் வீட்டில் தும்முவார்கள். ஒரு வீட்டில் சண்டை என்றால் அடுத்த வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள், மரியாதைக்காக இல்லை, வசனம் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக. அந்த லைனில், பதினேழாம் நம்பர் வீட்டில், ஜோவிட்டா என்கிற இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் வயிற்றில் ஏழு மாதமாக இருந்த பிள்ளை, ஐப்பசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அங்கிருந்து கிளம்பிப் பக்கத்து வீட்டு பிலோமினாவின் வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தது.

போனது எப்படி என்று லைனில் யாரும் ரொம்ப நாள் ஆராயவில்லை. ஏன் போனது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஐந்தாம் மாதம் எடுத்திருக்க வேண்டிய ஸ்கேன், முதல் தடவை கோயில் கொடியேற்றம் என்று தள்ளிப்போய், இரண்டாம் தடவை மெஷின் ரிப்பேர் என்று திரும்பி வந்து, மூன்றாம் தடவை ஸ்கேன் பார்க்கிறவர் லீவு என்று சீட்டில் வேறு தேதி எழுதிக் கொடுத்து, அந்தத் தேதியில் மழை பெய்து, கடைசியில் ஏழு மாதம் ஆன பிறகுதான் ஜோவிட்டாவின் வயிற்றில் அந்தச் சில்லென்ற ஜெல்லைத் தடவினார்கள். டாக்டர் வைதேகி திரையைப் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். வழக்கமாக 'இதோ பாரு கால், இதோ பாரு கை' என்று சொல்கிறவர் அன்று திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஜெல்லைத் துடைத்துவிட்டு, ஜோவிட்டாவையும் அவள் புருஷன் ததேயுவையும் உட்காரவைத்து, கதவைச் சாத்தினார்.

"தலைக்கு மேல மண்டை ஓடு மூடலைம்மா. மூளையும் வளரலை. கீழே முதுகுத்தண்டும் திறந்து கிடக்கு. முதல் மாசத்திலேயே, நீ உண்டாயிருக்கிறது உனக்கே தெரியிறதுக்கு முன்னாடியே, மூட வேண்டியது மூடாமப் போயிடுச்சு. நீ சாப்பிட்டது, நடந்தது, தூங்கினது எதையும் போட்டு மனசைக் குழப்பிக்காத."

"பொறந்தா?" என்று கேட்டான் ததேயு. ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறவன் அவன். எந்தப் பழுதுக்கும் ஒரு வழி இருக்கும் என்று நம்புகிற கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"உயிரோட பொறக்கலாம், பொறக்காமலும் போகலாம். பொறந்தா கொஞ்ச நேரம். ரொம்பப் போனா ஒரு நாள், ரெண்டு நாள். உள்ளே இருக்கிறவரைக்கும் அதுக்கு வேண்டியதெல்லாம் தாய்கிட்டருந்து போகுது, சௌகரியமா இருக்கும்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே திரும்பப் போட்டுக்கொண்டார். "இருபத்துநாலு வாரம் தாண்டிட்டதால, வேண்டாம்னு நினைச்சா மெடிக்கல் போர்டுக்கு எழுதிக் கேட்கணும். எழுதுறதும் எழுதாததும் உங்க முடிவு. ஒரு வாரம் யோசிச்சிட்டு வாங்க. என்ன முடிவெடுத்தாலும் நான் கூட இருக்கேன்."

ஜோவிட்டா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "முகம் எப்படி டாக்டர் இருக்கும்?"

டாக்டர் பொய் சொல்லத் தெரியாதவர். "கண்ணுக்கு மேல நெத்தி இருக்காது. பார்க்கக் கஷ்டமாத்தான் இருக்கும். தொப்பி போட்டுக் கையில குடுப்போம்."

அந்த வார்த்தை ஜோவிட்டாவோடு ஷேர் ஆட்டோவில் ஏறி, லைனில் இறங்கி, வீட்டுக்குள் வந்து, அடுப்படியில் அவளுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டது. பிள்ளை செத்துப்போகும் என்பதைவிட, அதைப் பார்க்க வேண்டிவரும் என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. இப்படிப் பயப்படுகிற தாய் உலகத்தில் உண்டா என்பது அதைவிடப் பயமாக இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயிலில் மூவேளைச் செப மணி அடிக்கும்போது அவள் பின்கட்டுத் துணி துவைக்கிற கல்லருகே நின்று, வயிற்றுக்குள் ஒரு கால் உந்துவதை உணர்ந்து, யாருக்கும் இல்லாமல், வாய்விட்டுச் சொன்னாள்:

"எனக்கு முடியலை. யாராச்சும் இதை வாங்கிக்கோங்களேன்."

இடுப்புயரச் சுவருக்கு அந்தப் பக்கம் பிலோமினா இடியாப்பக் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஆறே வருஷத்தில் புருஷனைப் பறிகொடுத்து, பிள்ளை இல்லாமல், இருபத்தைந்து வருஷமாக லைன் முழுக்க இடியாப்பம் விற்றே ஐம்பத்திரண்டு வயதைத் தொட்டவள். அவள் குழாயைக் கீழே வைத்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"எங்கிட்ட வா தாயி," என்றாள். "நான் வச்சுக்கிறேன்."

அப்போது, ஒரு அறையில் இருக்கிற விளக்கை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனால் இந்த அறை எப்படி மெதுவாக மங்கி அந்த அறை மெதுவாகத் துலங்குமோ அப்படி, ஜோவிட்டாவின் வயிறு தாழ்ந்து தாழ்ந்து தட்டையாக, சுவருக்கு அந்தப் பக்கம் பிலோமினாவின் சேலைக் கொசுவம் உயர்ந்து உயர்ந்து முன்னால் வந்தது. வலியில்லை, சத்தமில்லை. பிலோமினா இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, "ஏ ஆத்தி, என்னா கனம்!" என்றாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, உள்ளே நடப்பதைக் கவனித்துக் கேட்டு, "பொட்டப் பிள்ளை" என்றாள்.

மறுநாள் காலை இடியாப்பம் வாங்க வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். "என்ன மதினி, மாசமா?" என்று ஒருத்தி கேட்டாள். "என்னுது இல்லடி, ஜோவிட்டாவுது. இங்க வந்திருக்கு" என்றாள் பிலோமினா. "அப்படியா, இன்னும் ரெண்டு கரண்டி தேங்காய்ப்பால் சேர்த்து ஊத்துங்க" என்று வாங்கிக்கொண்டு போனாள் அவள். கைலாகு கொடுத்துத் தூக்கிவிட இரண்டு பேர் வந்தார்கள். கிரகணத்தில் வெளியே போனாளா என்று ஒருத்தர் கேட்கப்போக, பிலோமினா இடியாப்பத் தட்டாலேயே அவரை அடிக்கப் போனாள். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

ஒரு வாரம் கழித்து டாக்டர் வைதேகி பிலோமினாவைப் படுக்கவைத்து ஸ்கேன் பண்ணினார். அதே பிள்ளை, அதே தலை, அதே முதுகு. கர்ப்பிணி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முகவரிக்கு நேரே 'தற்போது பக்கத்து வீட்டில்' என்று எழுதினார்.

"பொட்டப் பிள்ளை எப்படி ஆடுறா பார்த்தீங்களா டாக்டர்!"

"ஆணா பெண்ணான்னு இங்க பேசக்கூடாது, சுவர்ல போர்டு இருக்கு பாருங்க."

"நீங்க சொல்ல வேண்டாம். சுமக்கிறவளுக்குத் தெரியாதா?"

"ஆடுறதும் விக்கல் எடுக்கிறதும் அனிச்சையா நடக்கிறதும்மா. யோசிச்சுச் செய்யுறதுக்கு அதுக்கு மூளை இல்லை."

"நீங்களும் நானும் மட்டும் யோசிச்சா விக்கல் எடுக்கிறோம்?"

டாக்டர் சிரிக்காமல் இருக்கப் பார்த்துத் தோற்றுப்போனார். பிறகு மூலையில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற ஜோவிட்டாவிடம் திரும்பி, குரலை மாற்றிக்கொண்டு கேட்டார். "போர்டுக்கு எழுதட்டுமாம்மா? யார் வயித்துல இருந்தாலும் முடிவு உன்னுதுதான்."

ஜோவிட்டா தரையைவிட்டுக் கண்ணை எடுத்துப் பிலோமினாவைப் பார்த்தாள். பிலோமினா சேலையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். "அது அங்க சந்தோஷமா இருக்குன்னா" என்றாள் ஜோவிட்டா, "இருந்துட்டுப் போகட்டும் டாக்டர்."

இப்படியாக ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளும் பிலோமினா தெருவில் நடந்த நடையைப் பார்த்து லைனில் இருந்தவர்களுக்குப் பொறாமை வந்தது. பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை அன்பியக் கூட்டம், அதாவது லைன்காரர்கள் ஒரு வீட்டில் கூடிச் செபம் சொல்லி, முறுக்கு தின்று, வம்பு பேசிக் கலைகிற கூட்டம். செபம் முடிந்ததும் பரோட்டா மாஸ்டர் கருப்பையா, அவன் கோயிலுக்கு வராவிட்டாலும் முறுக்குக்கு வருகிறவன், எழுந்து நின்று கேட்டான்:

"ஒருத்தரே வச்சுக்கிட்டிருந்தா எப்படி? இருக்கப்போறது கொஞ்ச நாள்தான்னு டாக்டரம்மா சொல்லிருச்சு. லைனுக்கு வந்த விருந்தாளியை ஒரே வீட்டுல சாப்பிட வச்சு அனுப்புனா மத்த வீட்டுக்காரங்களுக்கு என்ன மரியாதை?"

"அதானே!" என்றார்கள் எல்லோரும்.

"நீ ஆம்பளை, கருப்பையா."

"அதுக்கு அது தெரியுமா?"

பட்டியல் போடுவது என்று முடிவானது. பட்டியல் என்றால் லூர்துநாயகம்தான். ஆலையில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் அக்டோபரில் கிளம்புகிற மாதா சுரூபம் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாள் தங்கும்போது, எந்த வீட்டுக்கு எந்தத் தேதி என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதுகிறவர் அவர்தான். முப்பத்தெட்டு வருஷமாக அவர் பட்டியலில் யாரும் அடித்துத் திருத்தியதில்லை. அன்றே உட்கார்ந்து எழுதினார். மாதா கோயிலிலிருந்து கிளம்புவதுபோலப் பிள்ளை பிலோமினா வீட்டிலிருந்து கிளம்பும். ஒரு வீட்டுக்கு ஒரு நாள். சாயங்கால மணி அடித்ததும் வாசல்படியில் கைமாற்றம். வைத்திருப்பவர் படிக்கு வெளியே, வாங்குபவர் படிக்கு உள்ளே. வாங்குபவர் 'வா' என்று வாய் திறந்து கூப்பிட வேண்டும், கூப்பிடாமல் வராது. முப்பத்தொன்பது வீடு, முப்பத்தொன்பது நாள். ஞாயிறு பூசையில் பட்டியலை வாசித்தார்கள், நோட்டீஸ் பலகையில் குத்தினார்கள்.

அதில் ஒரு தப்பு இருந்தது. சுரூபம் கடைசி வீட்டிலிருந்து கான்வென்ட் சிற்றாலயத்துக்குத்தான் போகும். அங்கே அதை வாங்கி வைத்துப் பூட்டுவது, கான்வென்ட்டின் பழைய தலைமை ஆசிரியை சிஸ்டர் கொர்னேலியா. முப்பத்தெட்டு வருஷப் பழக்கத்தில் லூர்துநாயகத்தின் கை, ஜோவிட்டாவின் வீடு வர வேண்டிய நாற்பதாம் வரியில், 'கான்வென்ட் – சிஸ்டர் கொர்னேலியா – நிறைவு' என்று எழுதி இரண்டு கோடும் போட்டுவிட்டது. பதினேழாம் நம்பர் வீட்டை எழுதவே இல்லை. யாரும் கவனிக்கவில்லை. ஜோவிட்டா கவனித்தாள். பூசை முடிந்து பலகைக்கு முன்னால் நின்று, விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கிப் பார்த்து, தன் வீடு இல்லை என்று தெரிந்துகொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்று இரவு அவளுக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. தூக்கம் வந்ததற்காக மறுநாள் காலையில் அழுதாள்.

பிள்ளை போன வீடுகளில் எல்லாம் நல்ல சாப்பாடு நடந்தது. சமைக்கத் தெரியாதவர்கள்கூட அன்று ஒருநாள் பார்த்துப் பார்த்துச் சமைத்தார்கள். அடகுக்கடைக்காரன் மாதிரி எல்லோரையும் கண்ணை இடுக்கிப் பார்க்கிற ஏழாம் நம்பர்க்காரர், அன்று பூராவும் வாசலில் நாற்காலி போட்டு வயிற்றைத் தடவிக்கொண்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வலிய வணக்கம் வைத்தார். டெய்லர் ரஹ்மத் அக்கா விடியற்காலை பஜ்ர் தொழுகைக்குக் குனிய முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து தொழுதாள். லூர்துநாயகம் தன் முறையில் வேட்டியை நெஞ்சுக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு, அறுபத்தேழு வயதில் முதல்முறையாக இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தார். முப்பதாம் நம்பர் வீட்டு மாமியார் மட்டும், "எம் மருமக புதுசா வந்தவ. இது தொத்திக்கிட்டா? எங்களுக்கு வேண்டாம்" என்று வாசலைச் சாத்தினாள், மருமகள் பின்கட்டு வழியாக வாங்கிக்கொண்டாள். ராத்திரி மருமகளுக்குத் தலை பின்னும்போது அவள் முதுகோடு ஒட்டி உட்கார்ந்திருந்த மாமியாருக்கு உதை தெரிந்துபோனது. மறுநாள் அந்த அம்மா லூர்துநாயகத்திடம் வந்து, தனக்கும் தனியாக ஒருநாள் வேண்டும் என்று கேட்டதும், பட்டியல் பட்டியல்தான் என்று அவர் மறுத்ததும், அது ஒரு தனிச் சண்டை.

ததேயு தினமும் ஷிப்ட் முடிந்ததும் அன்றைய வீடு எதுவோ அங்கே போய், கால் கழுவி, வயிற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, ஆலையில் எந்த மோட்டார் எரிந்தது, யார் யாரை ஏசினார்கள் என்று சொல்லிவிட்டு வருவான். ஜோவிட்டா போகமாட்டாள். போகாவிட்டால் என்ன, முறை முடிந்தவர்கள் மறுநாள் காலையில் அவளிடம் வந்தார்கள். முதல் சில நாள் கதவைச் சாத்திப் பார்த்தாள். ஜன்னல் வழியாகச் சொன்னார்கள்.

"தங்கச்சி, மாவைத் தூக்கிக் கல்லுல அடிக்க அடிக்க உள்ளே ஒரே குதியாட்டம்" என்றான் கருப்பையா. "கொத்துப் பரோட்டா போட்டேன் பாரு, அந்த டக்கு டக்குச் சத்தத்துக்கு அப்படியே சொக்கிப் போச்சு. எனக்குத்தான் தூக்கம் இல்ல. திரும்பிப் படுத்தா எத்துது."

"மெஷினை மிதிச்சா அதுவும் மிதிக்கும், நிறுத்தினா நிறுத்தும்" என்றாள் ரஹ்மத் அக்கா. "அம்பது ஜாக்கெட் ஒண்ணா உக்காந்து தச்சிருக்கோம்."

"மூக்குப்பொடி போட்டேன், ஜோவிட்டா. எனக்குத் தும்மல் வரலை, உள்ளே வந்துச்சு. டப்பாவைத் தூக்கிச் சாக்கடையில எறிஞ்சிட்டேன்" என்றார் லூர்துநாயகம், எறிந்த டப்பாவுக்காகக் கொஞ்சம் வருத்தத்தோடு.

ரயில் போனால் புரண்டு படுக்கிறாள். வெல்லம் பிடிக்கிறது. ரசம் ஆகவே ஆகாது, ஒரு வாய் குடித்தால் போதும், ஒரு மணி நேரத்துக்கு விக்கல். யாராவது சத்தம்போட்டு அழுதால் அசையாமல் இருக்கிறாள், சிரித்தால் இடது பக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். இப்படி ஒவ்வொரு காலையும் ஒவ்வொன்று. மூடியிருந்த கதவு ஒருக்களித்தது, ஒருக்களித்த கதவு திறந்தது, ஒரு நாள் காலை பால்காரர் வீட்டு அம்மா சொல்ல வர நேரமானபோது, ஜோவிட்டாவே தெருவில் இறங்கி அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று, "நேத்து என்ன செஞ்சா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு வந்துவிட்டாள். கூப்பிட்டால் வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். 'வா' என்பது ஒரே எழுத்து. நாக்கு நுனிவரை வரும். நெற்றியில்லாத ஒரு முகம் ஞாபகத்துக்கு வரும். எழுத்து திரும்பித் தொண்டைக்குள் போய்விடும்.

மார்கழி பிறந்து, லைனில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் கட்டி, ததேயு எல்லாவற்றுக்கும் வயர் இழுத்துக் கொடுத்து முடித்தபோது, முப்பத்தொன்பது வீடும் முடிந்திருந்தது. லைன் முழுக்க மெழுகுவர்த்தி பிடித்துப் பாடிக்கொண்டுபோய்ப் பிள்ளையைக் கான்வென்ட் வாசலில் சிஸ்டர் கொர்னேலியாவிடம் ஒப்படைத்தது. எழுபத்துநாலு வயது சிஸ்டர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பட்டியலை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, "வா" என்றார். வெள்ளை அங்கி முன்னால் உயர்ந்தது. மறுநாள் காலை அசெம்பிளியில் ஐந்நூறு பெண் பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். சிஸ்டர் மைக்கைத் தட்டி, "என்ன பார்வை? நகத்தைக் காட்டுங்க" என்றார், ஐந்நூறு பேரும் நகத்தைக் காட்டினார்கள்.

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு ஜோவிட்டாவுக்கு வலி எடுத்தது.

தட்டையான வயிற்றில், இடுப்பைச் சுற்றிப் பிடித்து முறுக்கி விடுகிற வலி. பிலோமினா அவளைத் தாங்கி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். டாக்டர் வைதேகி நிதானமாகக் கேட்டார். "எத்தனை நிமிஷத்துக்கு ஒருதரம்? ... பன்னிரண்டா? வலி இங்க, பிள்ளை அங்கன்னா நான் எங்கேருந்து எடுக்கிறது? நேரம் இருக்கு. போய்க் கூட்டிட்டு வாங்க. வயசான உடம்பு, அந்த சிஸ்டர் தாங்கமாட்டாங்க."

நாலு மணிக்குக் கான்வென்ட் விடுகிற மணி அடிக்கும்போது ததேயு ஆட்டோவைக் கேட்டுக்கு எதிரே நிறுத்தச் சொன்னான். கேட் பாதிதான் திறந்திருந்தது. அந்தக் கான்வென்ட்டில் அது எப்போதுமே அப்படித்தான்: பெற்றவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று பிள்ளையின் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், பேர் சொல்லிக் கூப்பிடாமல் எந்தப் பிள்ளையையும் வெளியே விடமாட்டார்கள்; குட்டி, பாப்பா, தங்கம் எதுவும் செல்லாது. பன்னிரண்டு வருஷம் அந்தக் கேட்டுக்குள் நின்று தன் பேருக்காகக் காத்திருந்தவள்தான் ஜோவிட்டா. இன்று வெளியே, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே சிஸ்டர் கொர்னேலியா, வேப்பமரத்தடிப் பெஞ்சில், வயிற்றின் மேல் இரண்டு கையையும் கோத்து வைத்து உட்கார்ந்திருந்தார்.

"சிஸ்டர், பிள்ளையைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

"பேர்?"

"ஜோவிட்டா சிஸ்டர். டென்த் பி."

"உன் பேர் எனக்குத் தெரியாதா? கணக்குல முப்பத்தாறு. பிள்ளை பேர்?"

லைனில் அதை விருந்தாளி என்றார்கள், சின்னவள் என்றார்கள், மகாராணி என்றார்கள். பேர் வைக்க வேண்டியது ஜோவிட்டா. வைத்தால் அது பிள்ளையாகிவிடும், பிள்ளையானால் போய்விடும் என்று வைக்காமல் இருந்தவளும் அவள். "பேர் வைக்கலை, சிஸ்டர்."

"பேர் இல்லாம எப்படி விடறது?" சிஸ்டர் எழுந்திருக்கவில்லை. அந்த முகத்தில் கண்டிப்பு இருந்தது. கண்டிப்புக்குக் கீழே வேறு ஒன்று இருந்தது, ஐம்பது வருஷமாக நாலு மணிக்கு எல்லாப் பிள்ளைகளையும் யார் யாரிடமோ கொடுத்தனுப்பிவிட்டுக் கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே போகிற ஒருவருக்கு வரக்கூடிய ஆசை. "நாளைக்கு வாயேன். இப்போதான் அசந்து தூங்குறா. ராத்திரி மடத்துல ரசம் வைக்கச் சொல்லியிருக்கேன். சூடா ரெண்டு டம்ளர் குடிச்சா அவளுக்கு இதமா இருக்கும்."

"ரசமா!" என்றாள் ஜோவிட்டா.

வலி வந்து முறுக்கியது. அது போகும்வரை கம்பியைப் பிடித்திருந்துவிட்டு, கான்வென்ட்டில் படித்த பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாளும் சிஸ்டரிடம் உயர்த்தாத குரலை உயர்த்தினாள். "அவளுக்கு ரசம் ஆகாது சிஸ்டர்! குடிச்சா ஒரு மணி நேரம் விக்கல் எடுக்கும். அவ தூங்கும்போது நேரா உக்காரக் கூடாது, இடது பக்கம் சாயணும், அவ அங்கதான் இருப்பா. அஞ்சே காலுக்கு ரயில் போகும், அப்போ தட்டிக் குடுக்கணும், இல்லாட்டி பயப்படுவா. உங்களுக்கு என்ன தெரியும் அவளைப் பத்தி? அவ எம் பிள்ளை!"

தெருவில் ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பதை நிறுத்தினார். பிள்ளைகளைக் கூப்பிட வந்த பெற்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜோவிட்டா கேட்டை நெஞ்சால் தள்ளிக்கொண்டு, எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாத ஒரு பேரை, தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டாள்:

"மதலேன்! ஏ மதலேன்! வா, வீட்டுக்குப் போவோம்!"

சிஸ்டர் கொர்னேலியா சட்டென்று வயிற்றைக் குனிந்து பார்த்தார். வெள்ளை அங்கி தாழ்ந்துகொண்டிருந்தது. "போறா" என்றார், யாரிடமும் இல்லாமல். "நல்ல பிள்ளை. ஒரு கூப்பிடலுக்கு எழுந்து போறா." கேட்டுக்கு வெளியே ஜோவிட்டா, ஏழு வாரத்துக்கு அப்புறம் முதல் தடவையாக, ஒரு கையை இடுப்பில் ஊன்றினாள். கனமாக இருந்தது. ஏழு வாரத்தில் நாற்பத்தோரு பேர் ஊட்டி வளர்த்த கனம். "ஏறு, ஏறு" என்று ததேயு அவசரப்படுத்த, அவள் ஆட்டோவில் ஏறி இடது பக்கம் சாய்ந்துகொண்டாள்.

ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குள் பிறந்துவிட்டாள். அழவில்லை, பெருமூச்சு விடுவதுபோல ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். உயிர் இருந்தது. உயிர் போவதற்குள் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும், சாமியார் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஆபத்து நேரத்தில் யார் ஊற்றினாலும் செல்லும், வேதத்தில் இல்லாத வேற்று மதத்தவர் ஊற்றினாலும் செல்லும் என்பது சபைச் சட்டம். ததேயு டம்ளரை எடுத்து, டாக்டரிடம் நீட்டினான். "டாக்டர், நீங்க ஊத்துங்க, நான் வார்த்தை சொல்றேன்" என்றான். நெற்றியில் திருநீற்றுக் கீற்று கலையாத டாக்டர் வைதேகி, டம்ளரில் வெந்நீரை எடுத்து விரலை விட்டுச் சூடு பார்த்து, அவன் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொல்லி, மூன்று தரம் ஊற்றினார். மதலேன். பிறகு ரஹ்மத் அக்கா தைத்து அனுப்பியிருந்த மஞ்சள் தொப்பியைப் போட்டு, துணியில் சுற்றி, ஜோவிட்டாவின் கையில் கொடுத்தார்.

ஜோவிட்டா கண்ணை இறுக மூடியிருந்தாள். மடியில் சூடு தெரிந்தது. ஏழு வாரமாகக் காலைதோறும் கேட்டதெல்லாம் இந்தச் சூட்டைப் பற்றித்தானே என்று தோன்றியது. கண்ணைத் திறந்தாள்.

முதலில் பார்த்தது வாயை. வாய் அவள் அம்மாவின் வாய். காது இரண்டும் ததேயுவுடையவை, மேல் நுனி கொஞ்சம் மடிந்து. கண்கள் பெரிதாக, மேல் பக்கம் தொப்பி வரை, எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்த்துவிட வேண்டும் என்பதுபோல. கஷ்டமாக இருக்கும் என்று டாக்டர் சொன்னது உண்மைதான். கஷ்டம் ஒரு நிமிஷம் இருந்தது. பிறகு அதை நினைக்க நேரமில்லாமல் போனது. பார்க்க வேண்டியது அவ்வளவு இருந்தது, விரல் மட்டுமே பத்து.

வராந்தாவில் லைன் முழுக்க வந்து நின்றிருந்தது. நான்கு நான்கு பேராக உள்ளே விட்டார்கள். வந்தவர்கள் யாரும் அழவில்லை, அழுதால் மதலேனுக்குப் பிடிக்காது என்று அவர்களுக்குத் தெரியும். "இவதானா? அடி இவளே, என்னா உதை உதைச்ச!" என்றான் கருப்பையா. பிலோமினா ஒரு கன்னத்தை விரலால் தொட்டு, அந்த விரலை முத்தமிட்டுக்கொண்டாள். லூர்துநாயகம் தன் பட்டியலில் ஒரு வீடு விட்டுப்போனதற்காக மன்னிப்புக் கேட்கத் தொடங்கி, பாதியில் மறந்து, குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்; அடுத்த நான்கு பேர் அவரைத் தோளைப் பிடித்து நகர்த்த வேண்டியதாயிற்று. கடைசியாக சிஸ்டர் கொர்னேலியா வந்து, பிள்ளையின் நகத்தைப் பார்த்து, "சுத்தம்" என்றார்.

எல்லோரும் பார்த்து முடித்து, டாக்டரோடு ததேயுவும் ஜோவிட்டாவும் மட்டும் இருந்தபோது, ஏறி இறங்கிக்கொண்டிருந்த சின்ன நெஞ்சு ஒரு தரம் ஏறி, இறங்கி, பிறகு ஏறவில்லை. டாக்டர் வைதேகி ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். மெதுவாகத் தலையை அசைத்துவிட்டு, எழுத வேண்டிய தாளை எடுத்து, "எத்தனை மணிக்குப் பொறந்தா? இப்போ மணி எத்தனை?" என்று ததேயுவிடம் தணிந்த குரலில் கேட்டார். சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அறையில் இருந்தவர்களிலோ வந்துபோனவர்களிலோ ஒருவர்கூட அதை நிமிர்ந்து பார்த்திருக்கவில்லை.

ஜோவிட்டா தலையைத் தூக்காமல் சொன்னாள்: "கொஞ்சம் இருங்க டாக்டர். நான் இன்னும் பார்த்து முடிக்கலை."

டாக்டர் பேனாவை மூடினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அவரும் பார்த்தார்.